அரியலூர்ச் சிப்பிகளைச் சேலத்து மொட்டை மாடியில் சுத்தம் செய்த அனுபவம்

சேலத்தில் புதைபடிவம் கிடைக்காது. ஏற்காடு போகும் பாதையில் இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை நிறுத்தி இறங்கித் தேடினாலும் ஒரு சிப்பித்துண்டு கூடத் தட்டுப்படாது. சேர்வராயன் மலையின் கல் சார்னோகைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. ஓடுள்ள உயிரினங்கள் கடலில் பெருகி 54 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆக, இந்தக் கல் உருவான காலத்தில் சிப்பியே கிடையாது. மலை உச்சியில் கிடக்கும் செம்பழுப்புப் பாக்சைட்டிலும் ஒன்றும் இருக்காது. அது பாறை மழையில் கரைந்து மிஞ்சியது, ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இறங்கிக்கொண்டிருந்த சரக்கு.

நமக்கு எட்டும் தூரத்தில் பழைய கடற்கரை என்றால் அது அரியலூர்தான். ஆத்தூர், பெரம்பலூர் வழியாக அரை நாளில் போய்ச் சேரலாம். கிரெட்டேசியக் காலத்தில், சுமாராக 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுவரை, கடல் அங்கே பலமுறை உள்ளே வந்து பின்வாங்கியிருக்கிறது. அந்தக் கடலடிச் சேறும் ஓடுகளும்தான் இன்று சுண்ணாம்புக்கல்லாகவும் களிமண்ணாகவும் கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள். நம் வீட்டுச் சுவர்ப் பூச்சிலேயே கொஞ்சம் பழைய சிப்பி கலந்திருக்க வாய்ப்புண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னவன் அன்று முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பெரியம்மா மகனுக்கு அந்தப் பக்கம் நிலம் இருக்கிறது. உழும்போது சிப்பி மேலே வரும். அதை வரப்போரம் ஒதுக்கிப் போடுவது அவர்களுக்கு வாடிக்கை. “உங்களுக்கு வேணுங்கிறத எடுத்துக்கம்மா, எனக்குக் கலப்பை தேயாம இருந்தாச் சரி” என்றார் அண்ணன். கூடவே, கிணற்றை ஆழப்படுத்தியபோது வெளியே கொட்டிய களிமண்ணிலும் ஒரு சாக்கு அள்ளிக் கட்டிக் கொடுத்தார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரரின் அனுமதியோடு, உழுத நிலத்தில் மேலே கிடப்பதைப் பொறுக்குவது மட்டும்தான் குழந்தைகளோடு செய்யக்கூடிய வேலை. சுரங்கக் குழிக்குள் இறங்கவே கூடாது, விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அதைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. நிலத்தில் எலும்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டாமல், இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு விவரம் தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு அதற்கு வசதி, பெரியார் பல்கலைக்கழகத்திலேயே நிலவியல் துறை இருக்கிறது. 2009-இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் படிவங்கள் கிடைத்ததாக அறிவித்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் குழுதான்.

வேலை நிலத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சிப்பியையும் எடுத்தவுடன் செய்தித்தாளில் சுற்றி, உள்ளே ஒரு சீட்டு. சீட்டில் ஊர், எந்த வயல், வயலின் எந்த மூலை, தேதி, எடுத்தவர் பெயர். பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஈரத்தில் ஊறிப் போய்விடும். வீட்டுக்கு வந்து நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால் எது எந்த மூலை என்று யாருக்கும் நினைவிருக்காது. எங்கே கிடைத்தது என்று தெரியாத புதைபடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிப் பொம்மைதான். உடைந்த சிப்பியாக இருந்தாலும் சீட்டு இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. மகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். சின்னவனுக்கு எழுதுவதென்றால் கசப்பு. அவன் எடுத்ததற்கெல்லாம் அக்காவே எழுதிக்கொடுத்தாள், ஒரு சீட்டுக்கு ஒரு கடலை மிட்டாய் என்று பேரம் பேசி.

சேலம் வந்ததும் முதல் வேலை, ஒன்றுமே செய்யாமல் காயவிடுவது. நிழலில், காற்றாட, தட்டில் பரப்பி வைத்தேன். வெயிலில் வைத்தால் மேலே ஒட்டிய களிமண் ஒரேயடியாகச் சுருங்கி, ஓட்டின் மேல்தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உரிந்துவிடும். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் நிழல் இதற்குச் சரியாக அமைந்தது.

காய்ந்த பிறகு மூன்றாகப் பிரித்தோம். தட்டினால் ‘ணங்’ என்று சத்தம் வரும் கெட்டிச் சிப்பிகள், விரிசல் விட்டவை, மண்ணுக்குள் பாதி புதைந்து எது என்றே தெரியாதவை. கெட்டியானவற்றைத் தண்ணீரில் போடலாம். விரிசல் விட்டவற்றை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தொட வேண்டும், ஈரமே படக்கூடாது. விரிசலுக்குள் இருக்கும் களி தண்ணீரை உறிஞ்சி உப்பினால் சிப்பி பிளந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அதே வயலில் எடுத்த உடைசல் ஒன்றை முதலில் நனைத்துப் பார்ப்பது நல்லது.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. சேலத்தில் இருப்பதில் ஒரு சௌகரியம், வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் ஊர் இது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி, மெல்லிய ஊசி பிடிக்கும் கைப்பிடி, நுனி வளைந்த இடுக்கி எல்லாம் கிடைத்தன. கடைக்காரர் பித்தளைக் கம்பி பிரஷ்ஷையும் எடுத்துப் போட்டார். “அழுக்கு ஒண்ணும் நிக்காதுங்க” என்றார். அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிப்பி ஓடு கால்சைட் என்னும் கனிமம், பத்துவரை போகும் கடினத்தன்மை அளவில் 3. பித்தளையும் கிட்டத்தட்ட அதே அளவு. தேய்த்தால் ஓட்டில் மஞ்சள் கோடு விழும், கோடு விழாத இடத்தில் மினுக்கம் போகும். பழைய பல் பிரஷ், மூங்கில் குச்சி, ஒரு கோணி ஊசி, இவை போதும். சின்ன அரிசிப் பையில் முக்கால் அளவு மணல் நிரப்பித் தைத்து, அதைத் திண்டாக வைத்துக்கொண்டோம். சிப்பியை அதில் அழுத்தி வைத்தால் ஆடாது, உருளாது, கையும் வலிக்காது.

ஊசி பிடிக்கும் விதத்தை மட்டும் பிள்ளைகளுக்கு நன்றாகக் காட்டிவிட வேண்டும். எஃகு ஊசி கால்சைட்டைவிடக் கடினம், குத்தினால் வடு நிச்சயம். அதனால் சாய்த்துப் பிடித்து, ஓட்டிலிருந்து வெளிப்பக்கமாக மண்ணை நெம்ப வேண்டும். ஓட்டை நோக்கித் தள்ளக் கூடாது. நிறமும் சத்தமும் வழி காட்டும். களிமண்ணில் ஊசி ஓசையில்லாமல் போகும். ஓட்டில் பட்டவுடன் ‘கிரீச்’ என்னும். கிரீச் கேட்டால் கையை எடு, இது ஒன்றுதான் எங்கள் வீட்டு விதி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஊசியைத் தொடக் கூடாது என்பதும் உண்டு, ஆனால் அதைச் சொல்லவே தேவைப்படவில்லை. கண்ணாடி போட்டால் விஞ்ஞானி மாதிரி இருக்கிறதாம்.

கெட்டிச் சிப்பிகள் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புத் திரவத்தோடு ஓர் இரவு ஊறின. மறுநாள் பல் பிரஷ். கையளவு சிப்பி ஒன்றில் மண் விலகியபோது ஓரம் முழுக்கக் கூர்மையான மடிப்புகள் வெளியே வந்தன, மேலும் கீழுமாக, ஒழுங்காக. அதன் முதுகில், பிரஷ் கிட்டத்தட்ட தவறவிட்ட இடத்தில், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு வெள்ளைக் குழல் ஒன்று சுருண்டு ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் குழலின் வாய் வட்டமாகத் திறந்திருக்கிறது. கடற்புழு ஒன்று சிப்பியின் மேல் கட்டிக்கொண்ட வீடு அது. குழல் போகும் போக்கையும் கவனித்தோம். சிப்பியின் வளர்ச்சிக் கோடுகளின் மேலேறி, ஓரத்து மடிப்பு தொடங்கும் இடத்தில் திரும்பியிருந்தது. பக்கத்திலேயே ஊசிமுனை அளவில் துளைகள் கூட்டமாக. ஓட்டைத் துளைத்துக் குடியிருக்கும் கடற்பஞ்சு வகைகள் இப்படிப்பட்ட துளைகளை இன்றும் போடுகின்றன. அழுக்கு என்று நினைத்து இந்தக் குழலைச் சுரண்டி எடுத்திருந்தால் சிப்பி இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும், கதையில் பாதி போயிருக்கும். அதனால்தான் நான் முழுப் பளபளப்புக்கு எதிர்க்கட்சி.

சிப்பிகள் இவ்வளவு கிடைப்பதும், நத்தை, அம்மோனைட் (சுருண்ட ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிர்) போன்றவற்றின் ஓடு அரிதாகக் கிடைப்பதும் ஏன் என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. சிப்பி ஓடு கால்சைட்டால் ஆனது, நிலைத்து நிற்கும். நத்தை, அம்மோனைட் ஓடுகள் பெரும்பாலும் அரகோனைட். கால்சைட்டைப் போல அதுவும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் வேறு, நிலத்தடி நீரில் சுலபமாகக் கரைந்துவிடும். ஓடு கரைவதற்கு முன் உள்ளே புகுந்த சேறு கெட்டியாகியிருந்தால், அது மட்டும் அதே வடிவத்தில் மிஞ்சும். கொழுக்கட்டை அச்சை உடைத்து எறிந்துவிட்டுப் பூரணத்தை மட்டும் கையில் வைத்திருப்பது மாதிரி. எங்களிடம் இருக்கும் நத்தைகள் எல்லாம் இந்த வகைப் பூரணங்கள்தான், திருகு இருக்கும், ஓடு இருக்காது.

அம்மோனைட் துண்டு ஒன்றும் கிடைத்திருந்தது, உள்ளங்கையில் பாதி. அதைத் துலக்கும்போதுதான் அப்பாயி, அதாவது என் மாமியார், மாடிக்கு வந்தார். சுருளைப் பார்த்தவர் பிரஷ்ஷைப் பார்த்தார். “ஏம்மா, சாளக்கிராமத்தைப் பல் விளக்குற பிரஷ்ஷாலயா தேய்ப்பாங்க?”

அவர் சொன்னதில் தப்பில்லை. நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் சக்கரமாகத் தெரிவது பெரும்பாலும் அம்மோனைட்டின் சுவடுதான். அது இமயமலை எழுவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்தது, எங்கள் துண்டைவிடப் பழையது. உறவு ஒன்றுதான். நான் விளக்கியதும் அவர், “அப்படின்னா புது பிரஷ் வாங்கு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். புது பிரஷ் வாங்கினோம். புது பிரஷ்ஷின் மெல்லிய முடி நல்லதற்குத்தான் ஆயிற்று. துண்டின் பக்கவாட்டில் இலை நரம்பு மாதிரி கிளைத்துக் கிளைத்து ஓடும் கோடுகள் கலையாமல் தெரிய வந்தன. அம்மோனைட் உடல் வளர வளர, பின்னால் அறையறையாகச் சுவர் எழுப்பிக்கொண்டே போகும். அந்தச் சுவர்கள் வெளி ஓட்டோடு சேரும் இடம் இந்தக் கோடு. எந்த வகை என்று நிபுணர்கள் முதலில் பார்ப்பதும் இந்தக் கோட்டைத்தான்.

சுத்தம் செய்ய வினிகர் ஊற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். மண்ணைக் கரைப்பதற்கு முன் அது ஓட்டைக் கரைக்கும். ஆனால் சோதனைக்காக உடைந்த சில்லில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல பாடம். மூன்று கல்லை வரிசையாக வைத்தோம். அரியலூர்ச் சில்லு, சேலத்தை ஒட்டிய கருப்பூர்ப் பக்கம் சாலையோரம் கிடந்த வெள்ளைக்கல் துண்டு, வீட்டு வேலைக்கு வந்த ஜல்லியில் ஒரு சார்னோகைட். அரியலூர்ச் சில்லு நுரைத்தது. ஜல்லி அசையவில்லை. வெள்ளைக்கல்லைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், பார்க்கச் சுண்ணாம்பாகவே இருக்கிறதே என்று. அதுவும் சும்மா கிடந்தது. அது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த நிலையில் வினிகருக்கு மசியாது, தூளாக்கிச் சூடுபடுத்திய அமிலம் விட்டால்தான் நுரைக்கும். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெக்னீசியம் நிறைந்த பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து உண்டாக்கிய நரம்புகள் அவை. வெள்ளையாக இருப்பதெல்லாம் சிப்பிக்கல் இல்லை என்பதற்கு நம்மூரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டையும் இல்லை. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செல்போன்களில் பரவியது நினைவிருக்கும். கடலடிப் படிவு உருண்டையாகக் கெட்டிப்பட்டு உண்டான கற்கள் அவை என்று பிறகு விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் சாக்கிலும் அப்படி ஓர் உருண்டை இருந்தது. சின்னவன் இன்னும் அதை முட்டை என்றுதான் சொல்கிறான். சீட்டில் ‘உருண்டைக் கல்’ என்று எழுதியிருக்கிறோம்.

கிணற்று மண்தான் இருப்பதிலேயே சுவையான வேலை. களிமண் கட்டியை நனைத்துக் கரைப்பது என்றால் யாரும் ஈரத்தோடு அப்படியே வாளியில் போடுவார்கள். அது நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். துளி ஈரமும் இல்லாமல் காயவைத்து, அப்புறம் தண்ணீரில் போட வேண்டும். காய்ந்த களி தண்ணீரை வேகமாக உள்ளிழுக்கும், உள்ளே இருந்த காற்று குமிழியாக வெளியேறும், கட்டி கண்முன்னே உதிர்ந்து சேறாகும். அசையாத கட்டிகளுக்கு வெந்நீரில் ஒரு கரண்டி சலவை சோடா. அந்தத் தண்ணீரில் பிள்ளைகள் கைவிடக் கூடாது, எரியும்.

கலங்கல் சேற்றை மைதா சலிக்கும் சல்லடையில் ஊற்றிக் கழுவினோம், தண்ணீர் தெளியும்வரை. மாடியின் மழைநீர்க் குழாயில் இந்தச் சேற்றை விட்டால் அடைத்துக்கொள்ளும், முருங்கை மரத்தடியில்தான் ஊற்றினோம். சல்லடையில் தங்கியது இரண்டு கைப்பிடி. அதைக் கறுப்புத் தாளில் காயவைத்து, ஈரப்படுத்திய ஓவிய பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். மினுக்கும் சில்லுகள் ஜிப்சம், நகத்தால் கீறினாலே கோடு விழும். மெல்லிய வரியோடிய குச்சிகள் கடல் முள்ளெலி என்னும் முள் போர்த்த உருண்டைக் கடலுயிரின் முட்கள். குழல் துண்டுகள், சிப்பிக் குஞ்சுகள், அப்புறம் மணலைவிடச் சிறிதாக, அறையறையாகச் சுருண்ட ஃபோராமினிஃபெரா. ஒற்றைச் செல் உயிர் கட்டிய ஓடு இது. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளையிடும்போது, எந்த ஆழத்தில் எந்தக் காலத்துப் பாறை என்று கணிக்க உதவுவதும் இவைதான். கை நடுங்காத மகளே இந்த வேலைக்குத் தோது. எனக்கு வெள்ளெழுத்து, மூன்றாவது துகளிலேயே கண் கலங்கிவிட்டது.

இந்த மண்ணுக்குச் சீட்டு எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. கிணற்றிலிருந்து வெளியே கொட்டிய மண், எந்த ஆழத்து மண் எது என்று தெரியாது. மகள் ‘சுமார் முப்பது அடி’ என்று எழுதப் போனாள். வேண்டாம் என்று ‘கிணற்று மேட்டு மண், ஆழம் கலந்தது’ என்று எழுதச் சொன்னேன்.

உடைந்ததை ஒட்டுவது பற்றி. விளிம்புகள் சுத்தமாகப் பொருந்தினால் ஃபெவிக்விக் ஒரு துளி போதும், ஆனால் அதை மறுபடி பிரிப்பது பெரும்பாடு. அருங்காட்சியகங்களில் அசிட்டோனில் கரையும் பிசின் பயன்படுத்துவதே, பின்னால் வருபவர்கள் பிரித்துச் சரியாக ஒட்டலாம் என்பதற்காகத்தான். உதிரும் ஓடுகளுக்கு ஃபெவிகாலைத் தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்து, பிரஷ் நுனியால் விரிசலில் விட்டோம். மேலெல்லாம் பூசவில்லை. வார்னிஷ் அடித்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக எண். ஒவ்வொன்றிலும் முக்கியமில்லாத பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் ஒரு பொட்டு, காய்ந்ததும் அதன் மேல் மெல்லிய கறுப்பு மையில் எண், அதே எண் நோட்டில், நிலத்தில் எழுதிய பென்சில் சீட்டு நோட்டில் ஒட்டப்பட்டு. பெட்டிக்குப் பிளாஸ்டிக் தடுப்புப் பெட்டிதான் வாங்கினேன். மரப்பெட்டியிலும் மலிவான அட்டையிலும் கசியும் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்தால் ஓட்டை அரிக்கும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு வைக்கிறோம். உருண்டைக் கல்லுக்கு மட்டும் பெட்டியில் இடம் போதவில்லை, அது டிவி மேஜையில் இருக்கிறது, எண்ணோடு. சலித்த மண்ணில் பாதிக்கு மேல் இன்னும் பார்க்கப்படாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. காலாண்டு விடுமுறையில் மகள் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள், இந்த முறை சீட்டு எழுதுவது தம்பி என்ற நிபந்தனையோடு.